அம்மாவுக்குச் சொன்ன தொடர்கதை

ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, கயிறு கோத்த பழைய அட்டை. படிக்கட்டு கழுவ இந்த வாரம் உங்கள் முறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 2022 அக்டோபர் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. லீத் வாக் என்கிற நீண்ட சாலையை ஒட்டிய பழைய கல் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். கீழே டிராம் பாதை வேலை இன்னும் முடியவில்லை. கணவர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எதைக் கொண்டு கழுவுவது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவரிடம்தான் போய்க் கேட்டேன். கதவைத் திறந்ததும் "வா, ஹென்" என்றார். கோழி என்கிறாரே என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண்களை அன்பாகக் கூப்பிட இந்த ஊரில் இருக்கும் சொல் அது, மதுரைப் பக்கம் 'தாயி' என்பதுபோல, என்று பிறகுதான் தெரிந்தது. வாளியை எடுத்து வந்து முறை சொல்லிக் கொடுத்தார். மேல்படியில் தொடங்கி உங்கள் பங்கு முடியும் வரை கழுவ வேண்டும், முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஊரில் விடிகாலையில் வாசல் தெளித்து வளர்ந்தவளுக்கு இந்த வேலை அன்னியமாகவே இல்லை. குனிந்து கழுவும்போது, வந்ததிலிருந்து முதல் தடவையாக, இங்கே எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தோன்றியது.

முடித்ததும் டீ கொடுத்தார். கிளம்பும்போது முதுகு மடிந்து வெளுத்த ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தார். ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமா, முதலில் இதைப் படி என்றார். இயன் ராங்கின் எழுதிய துப்பறியும் நாவல்.

வாங்கிக்கொண்டேன். ஆனால் இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் அம்மா பெரிய வாசகி. குமுதம், விகடன், கல்கி, ராணிமுத்து, மாலைமதி எல்லாம் எங்கள் தெருவில் கைமாறிக் கைமாறி வரும். ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், சுஜாதா என்று அம்மாவின் உலகம் நிறைந்திருந்தது. பிடித்த தொடர்கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து அடுக்கி வைப்பார். கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கி வருவார். கல்லூரிக்குப் போன பிறகு நான் சிறுபத்திரிகைகளும் மொழிபெயர்ப்பு நாவல்களும் படிக்க ஆரம்பித்தேன். தீவிர இலக்கியம், வணிக எழுத்து என்ற வேலியை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் அம்மாவின் கையிலிருந்த நாவலைப் பார்த்து, "இதெல்லாம் குப்பைம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தால் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தத் தலையணையை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

சரி, நவம்பர் வந்தது. மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. டிசம்பரில் சூரியன் எட்டே முக்காலுக்குத்தான் எழும், நாலு மணி ஆகுமுன் விழுந்துவிடும். வேலை கிடைக்கவில்லை. பேச ஆள் இல்லை. அப்படி ஒரு மாலையில்தான் பாட்டி கொடுத்த புத்தகத்தைப் பிரித்தேன். விடிவதற்குள் முடித்துவிட்டேன். அடுத்த நாள் மெக்டொனால்ட் ரோடு நூலகத்துக்குப் போய் இலவச அட்டை வாங்கி, ராங்கினை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜான் ரீபஸ் என்கிற போலீஸ்காரர் 1987-இல் வந்த 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' நாவலில் அறிமுகமாகிறார். குடிப்பார், புகைப்பார், மேலதிகாரிகளோடு ஒத்துப்போக மாட்டார். மார்ச்மாண்ட் பகுதியில் ஆர்டன் தெருவில் வீடு. யங் தெருவில் ஆக்ஸ்ஃபர்ட் பார் என்கிற சின்ன மதுக்கடையில் அவரைப் பார்க்கலாம். தெருவும் உண்மை, கடையும் உண்மை. நான் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் நடக்க ஆரம்பித்தேன். பேருந்து எண்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள், ரீபஸ் போன வழியில் போய் வழி கற்றுக்கொண்டேன். பழைய நகரத்தின் ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து இருபுறமும் செங்குத்தாக இறங்கும் சந்துகளை இங்கே 'குளோஸ்' என்கிறார்கள். மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் வளர்ந்த எனக்கு அந்தக் குறுகல் உடனே பிடித்துப்போனது.

அப்படி ஒரு சந்துதான் ஃபிளெஷ்மார்க்கெட் குளோஸ். கறிக்கடைச் சந்து என்று சொல்லலாம். அதே பெயரில் ராங்கின் 2004-இல் ஒரு நாவல் எழுதினார். நாக்ஸ்லாண்ட் என்கிற கற்பனைக் குடியிருப்பில் அகதியாக வந்த குர்து இனத்தவர் ஒருவர் கொல்லப்படுகிறார். அவர் யார், என்ன பெயர் என்றே முதலில் போலீசுக்குத் தெரியாது. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் எனக்குப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. செத்துக் கிடப்பவனின் பெயரைச் சொல்லக்கூட ஒருவர் முன்வராத அந்த அடுக்குமாடியும், தஞ்சம் கேட்டு வந்தவர்களைப் பூட்டி வைக்கும் இடமும், அதை நம்பிப் பிழைக்கும் அக்கம்பக்கத்து ஜனங்களும் மனதை விட்டுப் போகவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றி இந்த ஊர் தனக்குள் என்ன பேசிக்கொள்கிறது என்பதை எந்தக் குடியேற்றக் கையேடும் எனக்குச் சொல்லியிருக்காது. ஒரு துப்பறியும் நாவல் சொன்னது. ராங்கினின் எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் முடிச்சுகள் அளவுக்கு மீறிப் போகின்றன. ஆனால் ஊரை எழுதுவதில் அவர் ஒரு இடத்திலும் பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை.

ராங்கினில் தொடங்கி மற்றவர்களிடம் போனேன். வால்டர் ஸ்காட்டை இங்கே தவிர்க்கவே முடியாது. பிரின்சஸ் தெருவில் 61 மீட்டர் உயரத்துக்கு அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பெரிய ரயில் நிலையத்தின் பெயர் வேவர்லி. 1814-இல் தன் பெயரைப் போடாமல் அவர் வெளியிட்ட நாவலின் பெயர் அது. நாவலின் பெயரை ரயில் நிலையத்துக்கு வைத்த ஊர்! இன்றைக்கும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. நாவலைத்தான் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. வரலாற்று நாவலுக்கே முன்னோடி அவர் என்பது தெரியும், ஆனாலும் கல்கியின் குதிரை ஓடும் வேகத்துக்குப் பழகியவளுக்கு ஸ்காட்டின் நடை மிக நிதானம்.

மியூரியல் ஸ்பார்க் அதற்கு நேர் எதிர். 1961-இல் வந்த 'தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிரோடி' மெல்லிய புத்தகம். இரண்டு மாலையில் முடித்துவிடலாம், ஆனால் நான் நாலு முறை படித்துவிட்டேன். 1930-களில் எடின்பரோவில் ஒரு பெண்கள் பள்ளி. தனக்குப் பிடித்த மாணவிகளைத் தேர்ந்தெடுத்துத் தன் விருப்பப்படி வார்க்க நினைக்கும் ஆசிரியை. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுப்பவள் அந்த மாணவிகளில் ஒருத்தி. மேரி என்கிற மந்தமான பெண் இருபத்து மூன்று வயதில் ஓட்டல் தீயில் செத்துப்போவாள் என்று முதல் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார் ஸ்பார்க். அதற்குப் பிறகு வகுப்பில் அந்தச் சிறுமியை யார் திட்டினாலும் நமக்குத் தாங்கவில்லை. அடுத்து என்ன என்ற ஆவலை அவரே கையால் எடுத்துப் போட்டுவிட்டு, வேறொன்றை நம் நெஞ்சில் வைக்கிறார். இந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது.

அதில் ஒரு காட்சி. ஆசிரியை மாணவிகளைப் பழைய நகரத்துக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். நல்ல வீட்டுப் பிள்ளைகள், அந்தப் பக்கமே பார்த்திராதவர்கள். அங்கே வேலையில்லாத ஆண்கள் உதவிப் பணத்துக்காக நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். குளிரில் நடுங்கும் அந்த வரிசையைப் பார்த்து சாண்டி என்கிற சிறுமியும் நடுங்குகிறாள். நான் அந்தத் தெருக்களில் ரீபஸோடு ஏற்கனவே நடந்திருந்தேன். அதனால்தான் அந்தக் குளிர் எனக்கு எட்டியது என்று நினைக்கிறேன். துப்பறியும் நாவல் எனக்குத் தெருவைக் காட்டியிருந்தது. அதே தெருவில் இன்னொரு காலத்தில் நின்றவர்களை ஸ்பார்க் காட்டினார். இரண்டில் எது உயர்த்தி என்று தராசு பிடிக்க எனக்கு அப்போது கை வரவில்லை.

எங்கள் லீத் பகுதியைப் பற்றிய மிகப் பிரபலமான நாவல் இர்வின் வெல்ஷின் 'டிரெயின்ஸ்பாட்டிங்', 1993-இல் வந்தது. அதை முதலில் படிக்கவே முடியவில்லை. பேச்சை அப்படியே ஒலிப்படி எழுதியிருக்கிறார், ஆங்கிலம் மாதிரியே தெரியவில்லை. பாட்டிதான் சொன்னார், வாய்விட்டுப் படி, ஹென் என்று. அடுப்படியில் நின்று சத்தமாகப் படித்தேன். சட்டென்று எழுத்து எல்லாம் குரலாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்திலும் கடையிலும் நான் கேட்ட அதே குரல்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் கதைகளை முதல் முறை படித்தபோதும் இப்படித்தான், காதால் படித்த பிறகே கண்ணுக்குப் பிடிபட்டன. போதை ஊசி, எய்ட்ஸ், இளம் சாவு என்று அந்த நாவலில் வரும் துயரம் கொஞ்சநஞ்சமல்ல. கைவிடப்பட்ட லீத் சென்ட்ரல் நிலையத்துக்குள் ஒரு குடிகாரக் கிழவர் வந்து, ரயில் பார்க்க வந்தீர்களா என்று இளைஞர்களைக் கேட்கும் இடம் வருகிறது. 1952-லேயே பயணிகள் ரயில் நின்றுபோன நிலையம் அது. அதன் மணிக்கூண்டு இன்னும் லீத் வாக் முடியும் இடத்தில் நிற்கிறது. நான் காய்கறி வாங்கப் போகும் வழி. பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வரிசையில் என்னை மிகவும் கலங்கடித்தவை இரண்டு. ஒன்று டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'ஷகி பெய்ன்'. அவர் எழுதிய முதல் நாவல், 2020-இல் புக்கர் பரிசு வாங்கியது. 1980-களின் கிளாஸ்கோவில் குடிக்கு அடிமையான தாய், அவளை எப்படியாவது மீட்டுவிடலாம் என்று நம்பும் சின்னப் பையன். எத்தனை குடித்தாலும் தலை வாரி, பளிச்சென்று உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கும் அந்த ஆக்னஸை மறக்கவே முடியாது. எங்கள் சித்தப்பா குடியால் போனவர். அவர் வேட்டியும் கடைசி வரை வெள்ளை வெளேரென்று இருக்கும். நடுவில் கதை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று சிலர் சொல்வார்கள். குடி இருக்கும் வீட்டில் நாட்கள் அப்படித்தான் சுற்றும்.

இன்னொன்று லூயிஸ் கிராசிக் கிப்பன் 1932-இல் எழுதிய 'சன்செட் சாங்'. வடகிழக்கு ஸ்காட்லாந்தின் விவசாய நிலம், கிறிஸ் என்கிற பெண், முதல் உலகப் போர். அவளுக்குள் இரண்டு கிறிஸ்கள் இருக்கிறார்கள். ஒருத்தி புத்தகமும் பள்ளிக்கூட ஆங்கிலமும் வேண்டும் என்று தவிக்கிறாள். இன்னொருத்திக்கு மண்ணும், அந்த ஊர்ப் பேச்சும்தான் உயிர். வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் மதுரைத் தமிழ் என்று வளர்ந்து, இப்போது ஆங்கிலத்திலேயே குடியிருக்கும் எனக்கு இதைவிட நெருக்கமாக யாரும் எழுதியதில்லை. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்காட்லாந்துக்காரர், நான் இருப்பதே தெரியாமல், என் உள்ளே நடப்பதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இத்தனையும் படித்த பிறகுதான் ஸ்காட்லாந்து தெருவுக்கு வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் '44 ஸ்காட்லாந்து ஸ்ட்ரீட்' 2004-இல் 'தி ஸ்காட்ஸ்மன்' நாளிதழில் வாரத்தில் ஐந்து நாள் தொடராக வந்தது. சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் தொடர்கதை எழுதிய ஆர்மிஸ்டெட் மௌபினை ஒரு விருந்தில் சந்தித்ததில் பிறந்த யோசனை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசகர்கள் யோசனையும் புகாரும் எழுதி அனுப்பினார்களாம். இதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. தொடர்கதை! கடைசி வரியில் ஒரு கொக்கி, அடுத்த நாள் வரை காத்திருப்பு, கதாநாயகியை அழ வைத்தால் ஆசிரியருக்குக் கோபமாக ஒரு கடிதம். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ உலகின் முதல் இலக்கிய நகரமாக எடின்பரோவை அறிவித்த அதே 2004-இல், இந்த ஊர் காலையில் எழுந்து தொடர்கதை படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் ஆரம்பித்தேன். ஒரே கட்டடம், பல வீடுகள். எங்கள் கட்டடம் மாதிரியேதான் என்றேன். அங்கே பெர்ட்டி என்று ஒரு ஐந்து வயதுப் பையன். அவன் அம்மாவுக்குப் பிள்ளையை மேதையாக்க வேண்டும் என்று வெறி. இத்தாலிய மொழி படிக்க வேண்டும், சாக்ஸபோன் வாசிக்க வேண்டும், மனநல மருத்துவரிடம் வேறு போக வேண்டும். அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம். அவனுக்கோ அப்பாவோடு மீன் பிடிக்கப் போகவும், கிளாஸ்கோ பார்க்கவும் ஆசை.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்குடி இத்தனை?" என்றார் அம்மா. குரலில் உண்மையான கோபம். "அவன் அப்பன் எங்க போனான்?"

"இருக்காரும்மா. வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு."

"எல்லா ஊரிலயும் இதே கதைதான். அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்ற சொல்லை அம்மா என்னிடம் புத்தகம் பற்றிக் கேட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு அத்தியாயம். அந்தக் கதையில் குறை இல்லாமல் இல்லை. எடின்பரோவின் வசதியான பக்கம்தான் அதில் வருகிறது, ரீபஸ் பார்த்த நாக்ஸ்லாண்டுக்கு அந்தத் தெருவிலிருந்து வழியே கிடையாது. முன்பு நான் இதைச் சொல்லியே புத்தகத்தை ஒதுக்கியிருப்பேன். இப்போதும் அது குறைதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் படிக்கிறேன். மனிதர்கள் மேல் அந்த எழுத்தாளருக்கு இருக்கும் வாஞ்சை உண்மையானது. பெர்ட்டி பல புத்தகங்கள் தாண்டித்தான் ஏழு வயதை எட்டுகிறான். அம்மாவுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. தொடர்கதைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்றார்.

போன வருடம் தெரிந்தவர் ஒருவர் ஊரிலிருந்து வந்தபோது அம்மா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார். ஊறுகாய், பொடிகளுக்கு நடுவே, காலிகோ அட்டை போட்ட ஒரு பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த கதை, பின்னாளில் அதே பத்திரிகை மறுபடி வெளியிட்டபோது அம்மா சேர்த்தது. ஒவ்வொரு பகுதியின் மேல் ஓரத்திலும் பென்சிலில் தேதி. சில பக்கங்களின் பின்புறம் பாதி வெட்டுப்பட்ட பற்பொடி விளம்பரம், ஒரு நகைச்சுவைத் துணுக்கின் முதல் வரி. ஒரு இடத்தில் தேதிக்குப் பக்கத்தில் 'பாப்பாவுக்குக் காய்ச்சல், படிக்கவில்லை' என்று எழுதியிருந்தது. பாப்பா நான்தான். அந்தப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இரவு தொலைபேசியில், "அன்னைக்கு குப்பைன்னு சொன்னதுக்கு மன்னிச்சிரும்மா" என்றேன். அம்மா, "என்னைக்கு?" என்று கேட்டார். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.

கீழ்வீட்டுப் பாட்டிக்கு அந்தத் தொகுப்பைக் காட்டினேன். எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் தையலைத் தடவிப் பார்த்தார். கடைசி வரியில் தனியாக நிற்கும் சொல் என்ன என்று கேட்டார். 'தொடரும்' என்று வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சென்ற ஞாயிறு இரண்டாம் புத்தகத்தில் பெர்ட்டியும் அவன் அப்பாவும் கிளாஸ்கோவுக்கு ரயிலேறும் இடத்துக்கு வந்திருந்தோம். ஒருவழியாக அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் ஆர்வம், நேரம் வேறு இருந்தது. "அங்க யாரைப் பார்க்கிறாங்க தெரியுமா?" என்று மேலே சொல்லப் போனேன்.

"இரு இரு" என்றார் அம்மா. "இன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிராத. ரயில் போகட்டும். மிச்சத்தை அடுத்த வாரம் சொல்லு."